வலிக்காத கால்

“சாய்ந்தரம் எண்ண காய்ச்சி எட்துகினு வரேன்க்கா. உன் கால நான் பாத்துக்கறேன்” என்று பக்கத்து வீட்டுப் பூவம்மா சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குக் கடையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீரகம் கேட்டவனுக்குச் சோம்பைக் கட்டிக் கொடுத்தேன். அவன் திரும்பி வந்து சண்டை போட்டான். பதிலுக்குச் சண்டை போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காலை உருவிவிட வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இருந்தது. அதைச் சொன்னால் பூவம்மா இருக்கிற காலமெல்லாம் நிம்மதியாகத் தூங்கமாட்டாள். காரணத்தை விட்டுவிட்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னால், தன் கை என் மேல் படக்கூடாது என்று நினைக்கிறேன், சாதி பார்க்கிறேன் என்று எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டால் இனி என் கடை வாசலை மிதிக்கமாட்டாள். அவளைத் தவிர என் கடை வாசலில் நின்று என்னைப் பற்றிக் கேட்கிற ஆள் இந்த ஊரில் எனக்குக் கிடையாது.

என் பெயர் சுகிர்தம். சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். கல்யாணமான கையோடு வியாசர்பாடிக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் எபனேசர் ஸ்டோர் என்று போர்டு எழுதி மளிகைக் கடை வைத்தார். போர்டை யாரும் படித்ததில்லை. அண்ணாச்சி கடை என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சி செத்துப் பல வருஷம் ஆகிறது, இன்னும் அது அண்ணாச்சி கடைதான். நான் யார் என்று கேட்டால், அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருக்கிற அம்மா. ஒரே பையன் ஷிபின் மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். “நல்லாயிருக்கியாம்மா?” என்பான். “நல்லாயிருக்கேன்” என்பேன். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. வெயில் எப்படி என்று கேட்டுக்கொள்வோம்.

ஒற்றை ஆளாகக் கடை நடத்துவதில் சில சூட்சுமங்கள் உண்டு. கல்லாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் ஒருவன் பிஸ்கட் ஜாடியில் கை விடுவான், இன்னொருவன் முட்டையை அமுக்குவான். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் எட்டுகிற மாதிரி செய்து வைத்திருந்தேன். தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட்டுச் சரத்தைக் கயிறு கட்டி இழுத்தால் பக்கத்தில் வரும். உயரத்தில் இருக்கிற சோப்பை இறக்க நுனியில் கொக்கி வைத்த கம்பு. கடைக்கு முன்னால் குறுக்கே ஒரு பலகை. அதைத் தாண்டி யாரும் உள்ளே வந்ததில்லை. விட்டதில்லை.

இன்னொரு சூட்சுமம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. குடித்தால் கொல்லைக்குப் போக வேண்டும். கொல்லைக்குப் போனால் கல்லாவில் யார் உட்காருவார்கள்? காலையில் ஒரு காபி, மத்தியானம் சோற்றோடு கொஞ்சம் ரசம். கடையைச் சாத்தின பிறகுதான் தண்ணீர். ஒரு சித்திரை வெயிலில் பூவம்மா ஒரு சொம்புத் தண்ணீரைப் பலகைக்கு மேலே நீட்டினாள். “குட்ச்சிக்கோக்கா, மூஞ்சி காஞ்சிபோய் கீது” என்றாள். வாங்கி ஓரமாக வைத்தேன். சாயங்காலம் வந்தவள் சொம்பு அப்படியே நிறைந்திருப்பதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள். அவர்கள் புத்தர் படம் மாட்டிக் கும்பிடுகிறவர்கள். எதற்காக அந்தப் பக்கம் போனார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் அந்தத் தண்ணீரைக் குடிக்காததற்குக் காரணம் என் மூத்திரப்பை. இதை ஒரு மனுஷியிடம் எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்கப்புறம் சாமான் வாங்க மட்டும் வருவாள்.

பூவம்மா வீடு என் கடையின் பின்னறைக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல். அவள் புருஷன் ஜெயவேல் ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தார். வாலிபத்தில் பாக்ஸிங் ஆடினவர். எங்கள் தெருவில் முக்கால்வாசி ஆம்பிளைகளும் ஒரு காலத்தில் பாக்ஸிங் ஆடினவர்கள்தான், ஆனால் ஜெயவேல் கோப்பையெல்லாம் வாங்கியிருக்கிறார். பாக்ஸிங் கிளப்பில் சண்டை முடிந்ததும் ஒருத்தர் காலை ஒருத்தர் உருவிவிடுவார்களாம். இரண்டு கட்டை விரலையும் கெண்டைக்காலில் பதித்து, கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் அழுத்தி மேலே தள்ளுவது. அந்தக் கலையை அவர் பெண்டாட்டிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும். “அங்கதான். அங்கதான் பூவு. இன்னும் நல்லா அய்த்து.” அவள் எதையாவது சொல்லிச் சிரிப்பாள். நான் கல்லாவில் சில்லறையைத் தட்டிக் கலகலவென்று சத்தம் பண்ணுவேன். எனக்குப் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்? என்னை ஒரு ஆள் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சில்லறை கொடுக்கும்போது விரல் படுவதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் தெருவே படுத்துவிட்டது. நடக்கிறவர்கள் எல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இன்றைக்கு முட்டியில் வலித்தால் நாளைக்கு மணிக்கட்டில், நாளன்றைக்குக் கணுக்காலில். எல்லோருக்கும் கால் வீங்கியிருந்ததால் யாரும் யார் காலையும் பார்த்துப் பயப்படவில்லை. நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி உருவினால் கேட்கும் என்று யாரோ சொல்ல, என் கடையில் கற்பூரம் கோயில் திருவிழாவுக்குக்கூட அப்படி விற்றதில்லை. ஜெயவேலும் படுத்தார். பிறகு நானும் படுத்தேன்.

படுத்தேன் என்பது பேச்சுக்கு. எங்கள் ஊர்க்காரர்கள் கடையைச் சாவுக்குத்தான் மூடுவார்கள். மூடினால் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறவன் திரும்பி வரமாட்டான். மூடியது ஷிபினுக்குத் தெரிந்தாலோ, கடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்பி வா என்பான். அங்கே போய் அவனுடைய பிளாட் ஜன்னலில் உட்கார்ந்து மணலைப் பார்க்க வேண்டும். ஆகவே காய்ச்சலோடு கடை திறந்தேன். எழுந்தால் முட்டி உயிரைப் பிடுங்கியது. எழுந்திருக்காமலே இருந்தேன். இன்னும் நாலு கயிறு கட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் காலைத் தொங்கவிட்டபடி பொழுது அடைகிற வரைக்கும் அப்படியே. கொல்லைக்குப் போகிற வேதனைக்குப் பயந்து ரசத்தையும் நிறுத்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கற்பூரம் வாங்க வந்த பூவம்மா பலகைக்கு வெளியே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாக்கா, பொணம் மாதிரி குந்திகினு கீற? காலு வீங்கிக் கீதே. உள்ள வரட்டா? ஒரு தபா உருவி வுட்டன்னு வெய்யி, எய்ந்து ஓடுவ.”

குளித்து நாளாகியிருந்தது. சேலை நாறியது. காலைத் தூக்கி இன்னொருத்தி மடியில் வைக்கிற நிலைமையில் நான் இல்லை. “வேண்டாம்ட்டி, நீ உன் சோலியைப் பாரு” என்றேன். எங்கள் ஊரில் ‘ட்டி’ போடுவது பிரியத்தில். இங்கே அது வேறு மாதிரிதான் காதில் விழும்.

“சர்தான். எங்க வூட்டுத் தண்ணியே உன் தொண்டேல எறங்காது. எங்க கை மட்டும் உன் கால்ல எறங்கிடுமா?” என்றாள். கற்பூரத்தை எடுத்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை. கோபம் வந்தாலும் பேச்சை நிறுத்தத் தெரியாது அவளுக்கு. “எங்க வூட்ல அவ்ருக்கு ஒரு காலு சரியாப் பூட்ச்சி. எடது காலு மட்டும் வாயத்தண்டு கணக்கா கீது. தொட்டா கொதிக்குது. உருவ உருவ வலி கொறையுதுன்றாரு. இருக்கறப்பல்லாம் உருவிகினுதான் கீறேன்.”

அதை நான் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. தெருவில் எல்லோருடைய வீக்கமும் எனக்கு அத்துப்படி. அதோடு அதுவும் ஒன்று என்றுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம். ஒரு பெண் புளி கேட்டாள். கயிற்றை இழுத்தேன். நெஞ்சின் மேல் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. மூச்சை இழுத்தால் பாதி வழியில் நின்றது. ஸ்டூலிலிருந்து சரிந்தேன். புளி கேட்டவள் கத்தினாள். அடுத்து எனக்குத் தெரிந்தது பூவம்மாவின் முகம். பலகையைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்திருக்கிறாள். அந்தப் பலகையைப் போட்ட நாளிலிருந்து அதைத் தாண்டின முதல் ஆள்.

கல்லாவைப் பூட்டி, ஷட்டரை இறக்கி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆட்டோ பிடித்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆட்டோவில் என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து விரலைப் பதித்தாள். நான் காலை உதறி இழுத்துக்கொண்டேன். அப்போதும் வெட்கம்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற நேரத்திலும் மனுஷிக்கு வெட்கம் போவதில்லை. பூவம்மா கையை எடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் கட்டில் எல்லாம் நிறைந்து தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். எல்லாம் காய்ச்சல்காரர்கள். நர்ஸ் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, “கூட யாரு?” நான் வாயைத் திறப்பதற்குள் பூவம்மா, “நாந்தான்” என்றாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். கொஞ்சம் ஆசுவாசமானதும் பூவம்மா என் பக்கத்தில் குனிந்தாள். “நா பூட்டு வரேன்க்கா. அவ்ருக்கு கஞ்சி காய்ச்சணும், காலு உருவணும், காத்துகினு இருப்பாரு. நாளைக்கு வரேன். சாவி என்கிட்ட பத்திரமா கீது.” போனாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் அங்கே நின்றிருக்கலாம். கஞ்சி கொஞ்சம் ஆறியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

அவள் போன பிறகுதான் டாக்டர் வந்தாள். சின்னப் பெண், ராமசெல்வி என்று சட்டைப் பையில் பெயர் குத்தியிருந்தது. தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு டேப்பை எடுத்து என் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தாள். இடது காலைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, சிக்குன்குனியாவுக்கு ரெண்டு காலும் வீங்கும். உங்களுக்கு ஒரு கால்தான் பெருத்துருக்கு. உள்ள ஆழத்துல ஓடுத ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது. அதுல ஒரு துணுக்கு ஒடைஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு. அதான் மூச்சு முட்டுச்சு. சின்னத் துணுக்கு, தப்பிச்சிய.”

பேச்சைக் கேட்டு, “நீங்க எந்த ஊரும்மா?” என்றேன்.

“கோவில்பட்டிப் பக்கம். சரி, காய்ச்சல்ல தண்ணி எவ்வளவு குடிச்சிய?”

“குடிக்கல.”

“ஏன்?”

“கல்லாவுல உக்கார ஆள் இல்ல.”

அவளுக்குப் புரியவில்லை. கடையைப் பற்றிச் சொன்னேன், கயிற்றைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ரத்தம் சீக்கிரம் உறையப் பார்க்கும், அசையாமல் கிடந்தால் இன்னும் உறையும், தண்ணீரும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம் என்றாள். பிறகு கேட்டாள்: “காலை யாராவது உருவினாங்களா?”

“யாரு இருக்கா உருவ?”

“நல்லதாப் போச்சு. அழுத்தி உருவியிருந்தா மொத்தக் கட்டியும் பேந்து மேல போயிருக்கும். ஆளு அந்த இடத்துலயே போயிருவாங்க. இனியும் அந்தக் காலை யாரையும் தொட விடாதிய.”

யாரும் தொடாததால் பிழைத்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். இத்தனை காலம் தனியாகக் கிடந்ததற்கு ஒரு ஆதாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன், அந்த ஆதாயத்தைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் கொட்டுவது என்றும் நினைத்தேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடது காலு மட்டும். தொட்டா கொதிக்குது. உருவிகினுதான் கீறேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் ஓடி வந்து திட்டினாள். ஒரு போன் பண்ண வேண்டும், ஒரு உயிர் சமாச்சாரம் என்றேன். பூவம்மா வீட்டில் போன் கிடையாது. எங்கள் தெருவில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் பாஸ்கலுடைய எஸ்.டி.டி. பூத்துதான். நர்ஸ் தன் செல்போனைக் கொடுத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பாஸ்கலும் சிக்குன்குனியாவில் படுத்துப் பூத்தை மூடி வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன். கடைசியில் நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளைப் பார்க்க வந்த ஒருத்தி கொடுங்கையூருக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னாள். அவள் கையைப் பிடித்தேன். “வியாசர்பாடில இறங்கு தாயி. அண்ணாச்சி கடைன்னு கேளு. அதுக்கு அடுத்த வீடு. ஜெயவேல் காலை உருவாத, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவான்னு பூவம்மாட்ட சொல்லு.” சரி சரி என்று தலையாட்டினாள். மறுநாள் காலையில் திரும்பி வந்தவளிடம் சொன்னாயா என்று கேட்டேன். “பஸ்ஸு நிக்கலக்கா, அட்ச்சிகினு போய்ட்டான்” என்றாள். அவளை என்ன சொல்வது? அவளுக்கு நான் யார்? அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை ஜனம் இருந்தது. எனக்காக ஒரு ஸ்டாப்பிங் முன்னால் இறங்க ஒரு ஆள் இல்லை.

மத்தியானம் பூவம்மா வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வந்தது அவள் மகள் கார்குழலி. ராயபுரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைக்கிற பெண். தலை வாராமல் வந்திருந்தாள். கையில் என் கடைச் சாவி.

“நைனா பூட்டாரு ஆன்ட்டி” என்றாள்.

காலையில் அம்மா வழக்கம்போல் உருவிவிட்டாளாம். இன்றைக்குக் கால் லேசாக இருக்கிறது, குளிக்கிறேன் என்று எழுந்தாராம். நாலடி வைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். “ஆர்ட்டு அட்டாக்குன்னு சொல்ட்டாங்க. அம்மா அய்துகினே கீறப்ப, ‘சாவி என்கிட்ட கீது, அந்தக்கா தேடும், குடுத்துட்டு வா’ன்னு அனுப்பிச்சி” என்றாள். சாவியை என் கையில் வைத்தாள். புருஷனைக் கிடத்தி வைத்திருக்கிற வீட்டில் ஒருத்திக்கு என் சாவி நினைவுக்கு வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல முடியும்? கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன். போ மக்கா, அம்மாகூட இரு என்றேன்.

டாக்டர் வந்தபோது கேட்டேன். ஜெயவேலுக்கும் அப்படித்தான் ஆகியிருக்குமா? “பாக்காமச் சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்” என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன்.

வயிற்றில் ஊசி போட்டுப் போட்டு ஒருவழியாக அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அடிக்கடி வந்து ரத்தப் பரிசோதனை. வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஷிபின் போன் பண்ணினான். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு முட்டிக்கொண்டு இருந்தது. “ஷிபினு, பக்கத்து வீட்டு ஜெயவேல் செத்துட்டாருடா” என்று ஆரம்பித்தேன். “அச்சச்சோ. வயசாயிடுச்சா?” என்றான். இல்லை என்றேன். “கார்டுல பேலன்ஸ் தீரப்போகுதும்மா, அடுத்த வாரம் பேசறேன்” என்றான். வெயிலைப் பற்றிக் கேட்கக்கூட நேரமில்லாமல் போயிற்று.

பூவம்மாவைப் பார்க்கப் பின்னறையிலிருந்து அவள் வீட்டு வாசல் வரைக்கும் நொண்டி நொண்டிப் போனேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள்.

“எல்லாம் பூட்ச்சிக்கா. ஒண்ணே ஒண்ணுதான் எனுக்கு மனசுக்கு ஆறுதலு. கடசி வரிக்கும் என் கையி அவ்ரு கால்ல இருந்துச்சி. பூட்ட அன்னிக்குக் காலைலகூட நல்லா அய்த்தி உருவினேன். ‘நல்லா கீது பூவு’ன்னாரு. அந்த வார்த்தைய வச்சிகினுதான் உக்காந்துகினு கீறேன். இல்லாங்காட்டி நானும் அன்னிக்கே பூட்ருப்பேன்.”

நான் சுவரைப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்ததைக் கல்லை விழுங்குகிற மாதிரி விழுங்கினேன். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு ஆறுதல்தான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் என்ன இருக்கும்?

அதற்கப்புறம்தான் ஒருநாள் காலையில் கடைக்கு வந்து, நான் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்தாள். சாயங்காலம் எண்ணெய் காய்ச்சி எடுத்து வருகிறேன் என்றாள். போகிற போக்கில் நின்று, “ஆட்டோல காலை இஸ்துகினியே, அத்த நா மறக்கலக்கா. அவ்ரு பூட்ட பெறகு என் கையி சும்மா கீது. இந்தத் தபாவும் வேணான்னு சொன்னன்னு வெய்யி, எனுக்கு அர்த்தம் புரிஞ்சிடும். பெறகு நான் வரமாட்டேன்” என்றாள். திட்டவட்டமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பகல் பூராவும் யோசித்தேன். உருவக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். கேட்காமல் விடுகிற பிறவி இல்லை. நான் மழுப்பினாலும் கார்குழலி விவரமான பெண், கெண்டைக்கால், ரத்தக்கட்டி, ஒரு கால் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவாள். வலியே இல்லை என்று சொல்லலாம் என்றால் நான் நொண்டுவதைத் தெருவே பார்க்கிறது. சரி, வந்தது வரட்டும், உருவட்டும், செத்தால் செத்துப்போகிறேன் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவள் கையிலேயே நானும் போனால்? அந்தப் பாவத்தை அவள் தலையில் வைப்பதா?

சாயங்காலம் வந்தாள். பலகையைத் தூக்கி வழி விட்டேன். பின்னறையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இடது காலைப் பார்த்து நகர்ந்தாள்.

“அதில்லட்டி” என்றேன். வலது காலை நீட்டினேன். “அது ஊசியிலேயே சொஸ்தமாயிட்டு. வலி இப்ப இங்க வந்துருக்கு.”

சிக்குன்குனியா வலி காலுக்குக் கால் தாவும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் சந்தேகப்படவில்லை. என் வலது காலைத் தூக்கி மடியில் வைத்தாள். அந்தக் காலில் எனக்கு ஒரு நோவும் கிடையாது. எண்ணெய் சூடாக இருந்தது. கட்டை விரல் இரண்டும் கெண்டைக்காலில் பதிந்து மேலே ஏறியது, திரும்பக் கீழே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஏன் அப்படி முனகினார் என்று எனக்கு விளங்கியது. நான் அழுதேன். நிறுத்த முடியவில்லை.

“வலிக்குதாக்கா?”

“ஆமாட்டி.”

“இத்தினி நாளு சொல்லாம இருந்தியே” என்று என்னைத் திட்டிக்கொண்டே உருவினாள். அவளுக்கும் மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். முடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தாள். “எண்ண மிச்சம் கீது. ஒரு காலுக்கு மட்டும் போட்டா நல்லா இருக்காது. அத்தையும் குடு” என்று இடது பாதத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் வழுக்கியது. நழுவவிடாமல் பிடித்தேன்.

பூவம்மா தன் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

“அவ்ரும் இப்டிதான்க்கா” என்றாள். “போதும்னு வாயத் தொறந்து சொல்லத் தெரியாது. கையப் புட்ச்சிக்குவாரு.”

கடையில் யாரோ, “அண்ணாச்சிம்மா, சக்கரை” என்று கூப்பிட்டார்கள். நான் கையை விடவில்லை.